பூட்டிய கையின் தடம்

சைக்கிள் திருத்துபவரின் கெட்டித்தனத்தை அவர் கழற்றும் வேகத்தை வைத்து அளப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய மயக்கம் இல்லை. பல வருடங்களுக்கு முன் யாரோ பூட்டிய பெடல், இன்று ஸ்பனரை வைத்து அழுத்தியதும் ஒரு சின்ன முனகலோடு இளகி, பிறகு விரலாலேயே சுழன்று வெளியே வருகிறதே, நான் தொழிலை ரசிப்பது அந்த இடத்தில்தான். மரையின் பள்ளங்களில் பழுப்பேறிய கிறீஸ் இன்னும் ஒட்டியிருக்கும். பூட்டியவர் கடையை மூடிவிட்டு ஊரைவிட்டே போயிருக்கலாம். அவருடைய கைப்பழக்கம் மட்டும் அங்கே இருக்கும்.

பாலையூற்றில் இந்த ரசனைக்குத் தீனி அதிகம், கறளுக்கும் தீனி அதிகம் என்பதால். திருகோணமலை நகரின் ஒரு பக்கம் திறந்த கடல், மறு பக்கம் உட்துறைமுகம். ஐப்பசியில் வாடை பிடித்தால் தை வரை மழைதான். கச்சான் வீசும் மாதங்களில் எல்லாம் காய்ந்து கிடக்கிறதே என்று நம்பியிருக்கவும் முடியாது. பகலில் இரும்பில் படிந்து கிடக்கும் உப்புத்தூள், இரவில் காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டியதும் தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். அந்த உப்புநீர் மரையின் இடுக்குக்குள் இறங்கினால் எளிதில் காயாது. இரும்பு கறளாக மாறும்போது பருமன் இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகும். ஆணிக்கும் நட்டுக்கும் நடுவே இருப்பதோ மயிரிழை இடம். அதற்குள் பெருகிய கறள் இரண்டையும் ஒன்றாக இறுக்கிவிடும்.

இரண்டு உலோகங்கள் சேரும் இடம் இதைவிட மோசம். இரும்புச் சட்டத்துக்குள் அலுமினிய சீற் குழாய் இறங்கும் வண்டிகளைப் பாருங்கள். நடுவில் உப்புநீர் வந்தால் அது ஒரு சின்ன பற்றரி. தேய்வது அலுமினியம். வெள்ளைப் பொடியாகப் பூத்து, குழாயைச் சட்டத்தோடு ஒட்டிவிடும். வெளியே ஒரு புள்ளி கறளும் தெரியாது.

இத்தனைக்கும் பரிகாரம் ஒரு சொட்டு கிறீஸ். ஆனால் அதைப் பூசுவதில் ஒரு நயம் இருக்கிறது. நல்ல கை முதலில் கிறீஸைத் தொடாது. பல் தேய்க்கும் பழைய பிரஷை மண்ணெண்ணெயில் தோய்த்து மரையைத் தேய்க்கும், துணியால் துடைக்கும், காயவிடும். அழுக்கின் மேல் பூசிய கிறீஸ் மண்ணை அரைக்கும் பசைதான். பிறகு குழந்தைக்குக் கண்மை தீட்டுகிற அளவில், பள்ளம் நிரம்ப மட்டும் பூசும். பூட்டிய பின் வெளியே பிதுங்கியதை வழித்தெடுக்கும். உப்புவெளிக் கடற்கரை மணல் வந்து ஒட்டுவதற்கு அந்தப் பிதுக்கம் போதும். கடைசி முறுக்கில் இன்னொரு கவனம்: கிறீஸ் பூசிய மரையில் உராய்வு குறைவு. உலர்ந்த ஆணிக்குக் கொடுக்கும் அதே பலத்தைக் கொடுத்தால் ஆணி கூடுதலாக இழுபடும். தெரிந்த கை அங்கே சற்று முன்னதாகவே நிற்கும்.

துறைமுக ஊருக்கு இந்த அறிவு புதிதல்ல. 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்த இடம் இது. அந்தக் காலத்து நீராவிக் கப்பல்களின் பொறியறைகளில் ஈய வெள்ளையையும் மாட்டுக் கொழுப்பையும் குழைத்து மரையில் பூசுவார்கள். ஈயம் நஞ்சு; அந்த வழக்கம் போனது நல்லதே. இன்று செப்புத்தூள் கலந்த பசை கிடைக்கிறது. சைக்கிளுக்கு அது சற்று ஆடம்பரம் என்பது என் எண்ணம். தண்ணீரில் கரையாத சாதாரணக் கெட்டிக் கிறீஸே போதும். தேங்காயெண்ணெய் விடுகிறவர்களோடு எனக்கு நிரந்தரப் பிணக்கு: அது மெல்லியது, மழைக்கு நிற்காது, நாளானால் சிக்கும் பிடிக்கும்.

பெடலில் இன்னொரு அழகு. இடது பெடலுக்கு மரை மறுபக்கம் வெட்டப்பட்டிருக்கும், மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடாமல் இருப்பதற்காக. ஸ்பனரை மேல்நோக்கி நிறுத்தி, பின் சில்லுப் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும், முன் சில்லுப் பக்கம் தள்ளினால் இரண்டும் இறுகும். இதை அறியாதவர் இடது பெடலை வழக்கமான பக்கம் திருப்பி, கறளுக்கு உதவி செய்துவிட்டு, கறளைத் திட்டுவார்.

பழைய ரலி வண்டிகளில் பதற்றம் கூடும். ஆங்கிலேயப் பொறியியலாளர் விற்வர்த் 1841இலேயே மரைகளுக்குப் பொது அளவு கேட்டவர். ஆனாலும் நொட்டிங்ஹாம் ரலி தொழிற்சாலை, பெடல் தண்டுகளைத் தாங்கும் நடு அச்சு உட்காரும் கப்பில் அங்குலத்துக்கு 26 மரை என்று தன் வழியிலேயே போனது. மற்ற ஆங்கில வண்டிகளில் 24. இறுகிப்போன ரலி கப்பைச் சுத்தியலால் நசுக்கிவிட்டால் வேறொன்றைத் தேடித் திரியவேண்டும்.

இறுகிப்போனதைக் கழற்றும் கலையையும் நான் மறுக்கவில்லை. ஊறவைக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு பொறுப்பது, மெல்லத் தட்டுவது, முதலில் கொஞ்சம் இறுக்கிப்பார்த்துவிட்டுப் பிறகு திருப்புவது எல்லாம் பொறுமையுள்ளவர் வேலை. சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும், குளிரில் அதே போலச் சுருங்கும். ஒட்டிப்போன அலுமினிய சீற் குழாய்க்குள் ஐஸ் போடுவது அதனால்தான். மீன் ஐஸுக்குப் பஞ்சமில்லாத ஊரில் அது வாகான வைத்தியம்.

2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது, விறாந்தை மூலையில் கிடந்த சைக்கிள்கள் நாடெங்கும் மறுபடி தெருவுக்கு வந்தன. எந்த வண்டியை எந்தக் கை பூட்டியது என்று அப்போது தெரிந்தது. சிலவற்றுக்கு ரயரும் ரியூப்பும் போதுமாக இருந்தன. சிலவற்றில் சீற்றை ஓர் அங்குலம் உயர்த்தக்கூட வாள் வேண்டியிருந்தது.

புது வண்டியும் விலக்கில்லை. பெட்டியிலிருந்து வரும் பலவற்றின் மரை உலர்ந்தே இருக்கும்.

“அண்ணன், புதுச் சைக்கிள்தானே, ஏன் பெடலைக் கழட்டுறீங்க?”

“தம்பி, பொறுங்க. கிறீஸ் வைக்காமத் தர மாட்டன்.”

சீற் குழாயை மட்டும் வாடை பிடிக்குமுன் வீட்டிலேயே கழற்றலாம். உயரம் மாறாமலிருக்க ஒரு துண்டு ரேப்பைச் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டு, உருவி, துடைத்து, சட்டத்தின் உள்வாயிலும் விரலால் கிறீஸ் தடவி, திரும்ப இறக்கினால் ஆயிற்று. ஒரு பிளேன்ரீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.