கணக்குக்குள் அடங்காத ஆர்என்ஏ

ஆர்என்ஏவில் ஏ எழுத்து யூவுடன் சேரும். ஜி சியுடன் சேரும். விதி இவ்வளவு எளிதாக இருப்பதாலேயே, வேண்டிய வேலையைச் செய்யும் ஆர்என்ஏ துண்டைக் கணினியில் வரைந்து எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை செயற்கை உயிரியலில் ஊறிக் கிடக்கிறது. அதில் பாதிதான் மெய்.

மெய்யான பாதிக்குச் சான்று, அலெக்சாண்டர் கிரீனும் ஜேம்ஸ் காலின்ஸும் பெங் யின்னும் சகாக்களோடு 2014இல் வெளியிட்ட டோஹோல்ட் சுவிட்ச். ஓர் ஆர்என்ஏ இழை தன்மேலேயே மடிந்து, ரைபோசோம் வந்து அமரும் இடத்தை மறைத்துக்கொள்கிறது. உரிய ஆர்என்ஏ வந்து அதன் நீட்டிய முனையைப் பற்றினால் மடிப்பு பிரியும், புரத உற்பத்தி தொடங்கும். இலக்கின் எழுத்துவரிசை தெரிந்தால் போதும், அதற்கேற்ற சுவிட்சை எழுதிவிடலாம். புரதங்களில் இந்த வசதி இல்லை. 2016இல் இதைக் காகிதத்தில் உலர்த்திவைத்து, நிறமாற்றத்தால் ஜிகா வைரஸைக் கண்டுகாட்டினார்கள். அதற்கு முன் வைரஸின் ஆர்என்ஏவைப் பெருக்கிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எழுதிய சுவிட்சுகளில் எது நன்றாகத் திறக்கும்? இங்கேதான் கணக்கு சறுக்குகிறது. 2020இல் 91,534 சுவிட்சுகளைச் சோதித்தபோது, அவற்றின் செயல்திறன் வேறுபாட்டில் 4 முதல் 15 விழுக்காட்டைத்தான் வெப்ப இயக்கவியல், வினைவேக மாதிரிகளால் விளக்க முடிந்தது. அதே அளவீடுகளில் பயின்ற ஆழ்கற்றல் நிரல்கள் 43 முதல் 70 வரை எட்டின. ஆக, வடிவமைப்பு என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு, ஏராளமாகச் செய்துபார்த்துத் தேறியதைப் பொறுக்குவதே. அதில் இழுக்கில்லை, ஒப்புக்கொள்ளத்தான் தயக்கம்.

இலக்கு சிறு மூலக்கூறானால் இணைவிதியும் கைகொடுக்காது. அங்கே 1990இல் வந்த செலெக்ஸ் முறைதான் துணை: எண்ணற்ற தற்செயல் வரிசைகளைச் சலித்து, இலக்கில் ஒட்டுவதை எடுப்பது. இப்படிக் கிடைத்தவையே ஆப்டமர்கள். 1994இல் வந்த தியோபிலின் ஆப்டமர் அற்புதமானது. காஃபீனில் ஒரு மெத்தில் குழுதான் கூடுதல். ஆனாலும் இந்த ஆப்டமர் காஃபீனைவிடத் தியோபிலினைப் பத்தாயிரம் மடங்கு இறுக்கமாகப் பிடிக்கிறது.

மறுபக்கம், டிஎன்ஏவால் ஆன ஆர்சனிக் ஆப்டமர். 2009இல் அறிவிக்கப்பட்ட அதை நம்பிப் பல உணரிகள் செய்யப்பட்டன. 2019இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தபோது, அது ஆர்சனிக்கைப் பிடிக்கவேயில்லை. உணரிகளில் இருந்த தங்கத் துகள்மேல் ஆர்சனிக் தானாகவே ஒட்டி, டிஎன்ஏ ஒட்டுவதைத் தடுத்திருந்தது. அந்த விளைவு ஆப்டமரின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. அந்தப் பத்தாண்டுகளில் யாரேனும் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட போலி வரிசையோடு ஒழுங்காக ஒப்பிட்டிருந்தால் இது முன்பே வெளிப்பட்டிருக்கும்.

அந்த ஒப்பீடும், தங்கத் துகள் இல்லாத இன்னொரு அளவீடும் இல்லாமல் வரும் புதிய ஆப்டமர் கட்டுரைகளை ஆய்விதழ்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.