பொருந்தல் நெல்

நெய்க்காரப்பட்டிப் பக்கம் பழனி மலையடிவாரத்தில் இருக்கிறது பொருந்தல். 2009, 2010ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா.ராஜன் தலைமையில் அங்கே அகழாய்வு நடந்தது. கல்வட்டத்துக்கு நடுவே, பலகைக் கற்களால் அமைத்த ஈமப் பதுக்கை ஒன்றில் நான்கு கால் சாடி கிடைத்தது. அதற்குள் ஏறக்குறைய இரண்டு கிலோ நெல்!

எனக்கு அந்த நெல்லைவிட, அதை வெளியே எடுத்த கைகள்மேல்தான் வியப்பு. சிறு கரண்டியால் சுரண்டி, தூரிகையால் துடைத்து, எந்தப் பொருள் எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் இருந்தது என்று வரைபடத்தில் குறித்த பிறகே அதை இடத்தைவிட்டு எடுப்பார்கள். மண்ணையும் சும்மா கொட்டிவிட மாட்டார்கள். சல்லடையில் சலிப்பார்கள், கடுகளவு பாசிமணியும் தப்பாது. பக்கத்து வாழ்விடமான பாசிமேட்டில் கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்தன.

அந்தப் பொறுமை வீண்போகவில்லை. நெல்லை அமெரிக்க ஆய்வகத்தில் காலக் கணிப்பு செய்தபோது கி.மு. 490 என்று வந்தது. அதே கல்லறையில் கிடைத்த புரிமனை (கலத்தைத் தாங்கும் வளையம்) ஒன்றில் தமிழ் பிராமி எழுத்துகள் இருந்ததால், எழுத்தின் வயதும் அசோகருக்கு முன்னால் போகிறது என்பது அகழாய்வாளர் கருத்து. சாடியை யாராவது அவசரத்தில் கவிழ்த்திருந்தால் இந்தச் சான்றே இல்லை.

உங்கள் காட்டில் வட்டமாகக் கற்கள் நின்றால், ஜேசிபியைக் கூப்பிடுமுன் தொல்லியல் துறைக்கு ஒரு தகவல் சொல்லுங்கள்.