கூலியா? ஊதியமா?

உழைத்தவர் கைக்கு வரும் பணம் ஒன்றுதான். அதற்கு நாம் இட்டு வழங்கும் பெயர்களோ பல. நாற்று நட்ட பெண்ணுக்குக் கூலி. ஆலையில் நிற்பவருக்குச் சம்பளம். அலுவலக நாற்காலியில் அமர்ந்தவருக்கு ஊதியம். அங்கன்வாடியில் பிறர் குழந்தைகளைக் காத்துச் சோறூட்டும் தாய்க்கு மதிப்பூதியம். 'ஒரு பொருள் குறித்த பல சொல்' என்று இலக்கணப் பாடம் நடத்தும் வேளையில் இவற்றைக் கரும்பலகையில் ஒரே வரிசையாக எழுதிவிடலாம். சமுதாயமோ இவற்றை வரிசையாக வைக்கவில்லை. ஏணிப் படிகளாக அடுக்கி வைத்திருக்கிறது. எந்தப் படியில் எவர் நிற்க வேண்டும் என்பதையும் சொல்லாமல் சொல்கிறது.

இந்த ஏற்றத்தாழ்வு சொல்லோடு பிறந்ததா? இல்லை என்பதற்குக் குறளே சான்று. தெய்வத்தால் ஆகாத செயலாயினும், உடலை வருத்தி முயன்றவனுக்கு அம்முயற்சி உரிய பயனைத் தந்தே தீரும் என்பது 619-ஆம் குறளின் கருத்து. அந்தப் பயனுக்கு வள்ளுவர் தேர்ந்தெடுத்த சொல் கூலி! தெய்வத்தைக் காட்டிலும் முயற்சியை நம்பச் சொல்லும் இடத்தில், பெருமையோடு நிற்கும் சொல் அது. ஊதியமோ வேறு. முதல் போடாத வணிகனுக்கு இலாபம் ஏது என்று கேட்கும் 449-ஆம் குறளில், அந்த இலாபத்தின் பெயர்தான் ஊதியம். ஆக, வியர்வையின் பயன் கூலி, முதலின் பயன் ஊதியம் என்பதே அன்றைய பொருள். இலாபத்தைக் குறித்த சொல் இன்று மாதச் சம்பளக்காரரின் மதிப்புக்குரிய சொல்லாயிற்று. வியர்வையைக் குறித்த சொல்லோ வரப்போரத்தில் தள்ளப்பட்டது.

தள்ளியது யார்? அகராதி எழுதிய புலவரா? அல்லர். 1860-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல், ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்களை நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு சேர்த்தது. இலங்கையின் தேயிலை மலைகளும் மலாயாவின் ரப்பர்க் காடுகளும் அதே கதையைச் சொல்லும். நம் மொழியில் உழைப்பின் விலையைக் குறித்த சொல், அங்கே உழைப்பவனையே குறிக்கும் சொல்லாயிற்று. 1893-இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியாரும் அதற்குத் தப்பவில்லை. அவர் அங்கே 'கூலி பாரிஸ்டர்'! சட்டம் படித்தும் விடவில்லை அந்தச் சொல். அது தொழிலைச் சுட்டுவதை விட்டுப் பிறப்பைச் சுட்டத் தொடங்கிவிட்டது என்பதன்றோ இதன் பொருள்?

விழுந்த சொல் இது; எழுந்த சொல்லும் உண்டு. ஊழியம் என்பது 19-ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில், ஒடுக்கப்பட்ட சாதியார்மீது சுமத்தப்பட்ட கூலியில்லாக் கட்டாய வேலையின் பெயர். இன்று 'அரசு ஊழியர்' என்றால் பெண் கொடுக்க வீடு தேடி வருகிறார்கள். ஒலி மாறவில்லை, எழுத்து மாறவில்லை. சொல்லின் பின்னால் நிலையான வேலையும், விடுப்பும், சங்கமும், நீதிமன்றத்தின் பாதுகாப்பும் வந்து நின்றன. சொல் தலை நிமிர்ந்தது.

ஆட்களைக் குறிக்கும் சொற்களிலும் இதே நிலைதான். பண்ணையாள், வேலையாள், வேலைக்காரன் என்று 'ஆளும்' 'காரனும்' ஒட்டிக்கொண்ட இடத்திலெல்லாம், 'வாடா, போடா'வும் ஒட்டிக்கொண்டது. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1923-இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடினார். 'தொழிலாளர்' என்னும் சொல்லின் கடைசியில் நிற்கும் அந்த 'அர்' விகுதி, எவரும் இரக்கப்பட்டு ஈந்தது அன்று. கூடி நின்று பெற்றது.

இந்த உரைகல்லில்தான் இன்றைய புதுச் சொற்களை உரசிப் பார்க்க வேண்டும். துப்புரவுப் பணியாளரைத் 'தூய்மைப் பணியாளர்' என அழைக்கத் தமிழ்நாட்டு அரசு 2020-இல் முடிவு செய்தது. நல்ல சொல்; வரவேற்போம். ஆனால், மலம் அள்ள மனிதரை அமர்த்துவதைத் தடுக்கும் சட்டம் 2013-இலேயே வந்துவிட்டது. கழிவுநீர்க் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-இல் சொன்ன உச்சநீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சாவு நின்றிருந்தால் தொகையை உயர்த்த வேண்டிய தேவை என்ன? குழிக்குள் இறங்குகிறவரைத் துப்புரவாளர் என்றாலும் தூய்மையாளர் என்றாலும் நச்சுக்காற்றுக்கு வேறுபாடு தெரியாது.

மதிப்பூதியத்தின் கதை இன்னும் நுட்பமானது. 1975-இல் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் உழைக்கும் பெண்களுக்குத் தரப்படுவது, ஊதியம் அன்று, 'மதிப்பு' ஊதியமாம்! மதிப்பு என்று முன்னால் ஒட்டியதும் உரிமை என்பது பின்னால் கழன்று விழுந்தது. தொண்டு செய்பவருக்குப் பணிக்கொடை எதற்கு என்று கேட்க முடிந்தது. 2022-இல் உச்சநீதிமன்றம் அந்தத் திரையை விலக்கியது. பெயர் எதுவாயினும் இது ஊதியமே, 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. சொல்லைப் பார்க்காமல் வேலையைப் பார்த்த தீர்ப்பு அது.

இழிசொல் ஒருவரை மிதிக்கிறது. அது கண்ணுக்குத் தெரிகிறது. இன்சொல்லோ சில வேளை சட்டைப் பையிலிருந்து எடுக்கிறது, அது தெரிவதில்லை. 'தொண்டர்' என்பார்கள், விடுப்பு இராது. 'தொகுப்பூதியம்' என்பார்கள், ஆண்டு உயர்வு இராது. 'நம் குடும்பத்தில் ஒருவர்' என்பார் முதலாளி. குடும்பச் சொத்தில் பங்கு கேட்டால் தெரியும் அந்த உறவின் நீளம்!

ஆகவே இளைஞர்களுக்கு ஒன்று சொல்வோம். ஒருவருடைய வேலைக்குப் புதுப் பெயர் சூட்டப்படும்போது கைதட்டுங்கள். தட்டிய கையோடு மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பணம் எவ்வளவு கூடியது? உயிருக்குக் காப்பு என்ன? நாளை வேலை உண்டு என்பதற்கு எழுத்து எங்கே? இம்மூன்றுக்கும் விடை இருந்தால் அச்சொல்லை ஊரெங்கும் பரப்புவோம். இல்லையெனில், பழைய பெயர்ப்பலகையில் புது வண்ணம் பூசியவரை நோக்கி, சுவரையும் கட்டச் சொல்வோம்.