சக்கரம் தரையில் நின்ற பிறகு

பழைய அம்பாசிடரின் பின்பக்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் ஸ்பிரிங் பட்டைகளைத்தான் புகழ்வார்கள். பட்டையின் இரு முனையிலும் சுருண்டிருக்கும் கண்ணுக்குள் ஒடுங்கிக் கிடக்கிற ரப்பர் புஷ்ஷை யாரும் நினைப்பதில்லை. எனக்கோ, தேர்ந்த மெக்கானிக் ஒருவர் அந்தப் புஷ் மாற்றுவதைப் பார்ப்பதைவிட நிறைவான பட்டறைக் காட்சி வேறில்லை.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் காரின் வழிவந்த வண்டி அது. 2014-ல் உத்தர்பாரா ஆலையில் உற்பத்தி நிற்கும்வரை அதன் பின்னச்சைப் பட்டைக் கட்டுதான் தாங்கியது. சக்கரம் மேட்டில் ஏறும்போது வளைந்த பட்டை நிமிர்கிறது. நிமிர்ந்தால் அதன் இரு முனைகளும் விலகும். அதற்கு இடம் கொடுத்துப் பின்முனையில் ஷேக்கிள் என்னும் தொங்கு இணைப்பு ஆட, ரப்பர் முறுகி மீள்கிறது. நசுங்கிப்போன ரப்பர் மீளாது. குழியில் இறங்கினால் டொக்கென்று ஓசை வரும். வளைவில் வண்டியின் பின்பக்கம் தன்போக்கில் ஒதுங்கும்.

கழற்றும்போதே கை தேர்ந்தவரா என்று தெரிந்துவிடும். துருவேறிய போல்ட் அசையாது. அவசரக்காரர் கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டுவார். பதம் ஏற்றிய பட்டையின் கண் அந்தச் சூட்டில் பதம் இழந்துவிடும். பொறுமைசாலி முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊறவைப்பார். இரும்புக் குழாய் பதித்த புஷ் கண்ணுக்குள் பிடித்துக்கொண்டால் ஹாக்ஸா பிளேடை உள்ளே நுழைத்து, குழாயை மட்டும் நெடுக அறுப்பார். கண்ணின் உட்சுவரில் பிளேடு படாமல் அறுக்கிறாரே, அங்கேதான் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

புது ரப்பரை ஏற்ற, கிரீஸ் பக்கம் கை போகக் கூடாது. எண்ணெய்ப் பசை பட்ட ரப்பர் ஊதி இளகும். சோப்புத் தண்ணீர் போதும்: உள்ளே வழுக்கிக்கொண்டு போகும், பிறகு காய்ந்துவிடும்.

இந்த வேலையின் உச்சம் கடைசி முறுக்கில் இருக்கிறது. ஜாக்கியில் சக்கரங்கள் தொங்கும்போதே நட்டை முழுதாக இறுக்கினால், ரப்பர் அந்தத் தொங்கல் நிலையிலேயே பிடிபடும். வண்டியை இறக்கியதும் முறுகத் தொடங்கி, நிற்கும் நேரமெல்லாம் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். அதனால் நட்டைக் கையளவில் மட்டும் ஏற்றி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் தள்ளி, பட்டை வண்டியின் பாரத்தில் அமர்ந்த பிறகே கடைசி இறுக்கு. அந்த வகை வண்டிகளின் பழைய பட்டறைக் கையேடுகளும் இதையே வற்புறுத்தின. அடியில் மல்லாந்து படுத்து, ஸ்பேனர் திரும்பவும் இடமில்லாத நெருக்கத்தில் இதைச் செய்ய வேண்டும். பலர் விட்டுவிடுவதும் இதைத்தான்.

இப்போது பாலியூரித்தேன் புஷ் போடச் சொல்கிறார்கள். எண்ணெய்க்கு அஞ்சாது, நெடுநாள் உழைக்கும். பந்தய வண்டிக்குப் பொருந்தும். ஆனால் ரப்பரைவிட விறைப்பு. சாலையின் அதிர்வைக் கூடுதலாக உடலுக்குக் கடத்தும், மசகு குறைந்தால் கிறீச்சிடவும் செய்யும். மெத்தென்று மிதந்து போவதற்காகவே விரும்பப்பட்ட அம்பாசிடருக்கு நான் ரப்பரையே கேட்பேன்.