இபுனு பத்தூத்தாவின் புத்தளமும் மழையாராய்ச்சியும்

பண்டை நாகரிகங்கள் சாய்ந்தமைக்கு மழையின் மாறுபாடே காரணமெனக் கூறுதல் இந்நாளிற் பெருவழக்காயிற்று. இலங்கையின் இராசரட்டை வீழ்ந்தமைக்கும் அதனையே காட்டுவாருளர். அக்கூற்று எத்துணைப் பொருந்துமென்பதைப் புத்தளப் பகுதிக்குரிய இரு சான்றுகளைக்கொண்டு ஆராய்தல் தகும்.

1344 ஆம் ஆண்டிலே மாலைதீவிலிருந்து மாபரை நோக்கிச் சென்ற இபுனு பத்தூத்தா, காற்றினால் அலைக்கப்பட்டு, ஆரியச்சக்கரவர்த்தியின் 'பத்தாலா'வில் இறங்கினார். அது புத்தளமே என்பது அறிஞர் பலரின் துணிபு. மரமதில் சூழ்ந்த அவ்வூரின் கரையெங்கும், வெள்ளம் அடித்துவந்த கறுவாமரங்கள் குவிந்து கிடந்தன என்கின்றார். கறுவா ஈரவலயத்து மரம், புத்தளமோ உலர்வலயம். ஆதலின் அக்காலத்தில் ஆங்கு மழை மிகுந்திருந்ததெனக் கொள்ளலாமோ? கொள்ளலாகாது. மரங்கள் ஆங்கே வளர்ந்தன என்று அவர் கூறினாரல்லர். நீரோடு வந்தன என்றே கூறினார். மீ ஓயா, காலா ஓயா, தெதுறு ஓயா ஆகியன உள்நாட்டு மேட்டுநிலங்களிலே தோன்றி மேற்குக் கரையை அடைவன. எனவே கரையிற் கண்ட வெள்ளம் உள்நாட்டு மழைக்கு அடையாளமேயன்றிக் கரையின் மழைக்கு அளவுகோலன்று. ஓராண்டின் வெள்ளம் ஒரு நூற்றாண்டின் மழையுமன்று.

மற்றொன்று, ஆனமடுவைக்கு அண்மையிலுள்ள தோணிகலைக் கல்வெட்டு. 4 ஆம் நூற்றாண்டிலே, சிறிமேகவண்ணன் ஆட்சியிற் பொறிக்கப்பெற்ற இது, வணிகக் கணமொன்றிடம் வைப்பிலிட்ட தானியத்தையும், மூன்று போகங்களிலும் அதற்குரிய வட்டி துறவியர்க்குச் சேரவேண்டியதையும் உரைக்கின்றது. ஐப்பசி முதல் மார்கழி வரையுமே மழை மிகும் நிலத்தில் மூன்று போகம் விளைந்ததாயின், அது வானம் மட்டும் தந்த வளமன்று. குளங்கட்டிக் காத்தோரின் கூட்டுழைப்பு தந்ததுமாகும்.

வியற்நாமின் மரவளையங்களை ஆராய்ந்தோர், 14, 15 ஆம் நூற்றாண்டுகளில் அப்பகுதியை நெடுவறட்சிகள் வாட்டியதையும் இடையிடையே பெருமழை பெய்ததையும் 2010 இல் வெளியிட்டனர். அங்கோர் நகரின் தளர்ச்சியோடு அது பொருந்துகின்றது. அம்முடிபை இலங்கைக்கும் உரியதாக்குவோர் காலத்தை நோக்குதல் வேண்டும். மாகன் படையெடுத்தது 1215 இல். இராசரட்டையின் சிதைவு அவ்வறட்சிகளுக்கு முந்தியது. 1957 இல் றோட்ஸ் மர்பி எழுதிய கட்டுரையும், 1971 இல் கா. இந்திரபாலா பதிப்பித்த நூலும் இவ்வீழ்ச்சியைப் பல கோணங்களில் ஆராய்ந்தன. போர், மலேரியா, நீர்ப்பாசன ஒழுங்கின் குலைவு ஆகியவற்றை ஒதுக்கி மழையொன்றையே காட்டுதல் ஆராய்ச்சியாகாது.

மழை மாறாதிருந்ததென்பது இதன் கருத்தன்று. மாறிய மழையைத் தாங்கும் ஆற்றல் சமுதாயத்தின் ஒழுங்கிலேயே தங்கியிருந்தது. வானத்தின்மீது முழுப்பழியையும் சுமத்தும் வரலாறு, குளத்தைத் தூரவிட்ட மாந்தரை மன்னித்துவிடுகின்றது. உலர்வலயத்து உழவன் இன்றும் குளத்தையே நம்பி வாழ்கின்றான். அவன் பிள்ளைகளுக்கு அத்தகைய வரலாற்றைக் கற்பித்தல் தீங்காகும்.