பரிந்துரையும் திறனாய்வே

வெளியூரில் தமிழர் இருவர் சந்தித்தால் முதலில் ஊரைக் கேட்பர். அடுத்து உறவைக் கேட்பர். இலக்கிய ஆர்வம் உடையவராயின், "இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்னும் வினாவும் தொடர்ந்து எழும். சங்க நூலகத்தின் அலமாரி அருகிலும், கூட்டம் முடிந்து காப்பி அருந்தும் வேளையிலும் இவ்வினாவை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம், விடையும் அளித்திருக்கிறோம். அவ்விடை எத்தகையதாக அமைய வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

தமிழ்நாட்டில் வாழும் வாசகர் கடைதோறும் நூல்களைப் புரட்டிப் பார்த்துத் தாமே தேர்ந்தெடுக்கலாம். வெளி மாநிலத்தில் வாழ்வோருக்கு அவ்வாய்ப்புக் குறைவு. இங்கே நூல்கள் பெரும்பாலும் வாய்ச்சொல்லால் அறிமுகமாகின்றன. ஆதலின், ஒரு நூலைப் படிக்கச் சொல்பவர் தாம் அறிந்தோ அறியாமலோ திறனாய்வாளரின் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறார்.

தமிழில் இப்பொறுப்பை முழுநேரப் பணியாகவே மேற்கொண்டவர் க.நா. சுப்ரமண்யம். 1912இல் பிறந்து, பல ஆண்டுகள் தில்லியில் வாழ்ந்து, 1988இல் மறைந்த அவர், தம் நூலொன்றுக்குப் 'படித்திருக்கிறீர்களா?' என்றே பெயரிட்டார். திறனாய்வாளர் வாசகரை நோக்கி எழுப்பத்தக்க வினாக்களுள் இதனினும் நேரானது வேறில்லை. செல்வாக்குப் பெற்றவற்றை ஒதுக்கி, கவனம் பெறாதவற்றைப் பெயர் சுட்டி முன்நிறுத்தும் துணிவு அவருக்கு இருந்தது. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' நாவலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவரே. பாராட்டியதோடு அமையாமல், உழைத்தும் காட்டிய பரிந்துரை அது.

எனினும், க.நா.சு.வின் முறையில் ஒரு குறையும் உண்டு. தம் ரசனையையே உரைகல்லாகக் கொண்ட அவர், இன்ன நூல் சிறந்தது என்று சொல்லும் இடங்களில் எல்லாம் ஏன் சிறந்தது என்று விளக்கவில்லை. 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, நூலைப் பகுத்து ஆராயும் அலசல் விமர்சனத்தை வலியுறுத்தினார். அதுவோ பெரும்பாலும் நூலைப் படித்தவருக்கே பயன்படும். படிக்கப்போகும் வாசகருக்கு, பெயரை மட்டும் சொல்வது போதாது. முழு அலசலும் மிகை. இரண்டுக்கும் இடையே காரணம் கூறும் பரிந்துரை என ஒன்று உண்டு. அதனை நாம் போதுமான அளவு பயிலவில்லை என்பதே நம் கருத்து.

இதனை நம் பிழையொன்றின் வாயிலாகவே கற்றோம். வெளி மாநில நகரம் ஒன்றில் பிறந்து வளர்ந்த இளைஞர் ஒருவர், வீட்டில் தமிழ் பேசியும், எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலையிலேயே இருந்தார். தமக்கேற்ற நூலொன்றைத் தருமாறு அவர் கேட்டபோது, பட்டியல்கள் பலவற்றில் முதலிடம் பெற்ற பெரிய நாவல் ஒன்றை எடுத்துக் கொடுத்தோம். சில வாரங்களில் நூல் திரும்பி வந்தது. அடையாளச் சீட்டு முப்பதாம் பக்கத்திலேயே இருந்தது. அதன் பிறகு அவர் நூல் எதுவும் கேட்கவில்லை. நாவலிலும் குற்றமில்லை, அவரிடத்தும் குற்றமில்லை. கேட்டவரை நோக்காமல் பட்டியலை நோக்கிய நம்மிடமே குற்றம்.

காரணம் கூறும் பரிந்துரை எவ்வாறு அமையும்? 1942இல் வெளிவந்த ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவலை எடுத்துக்கொள்வோம். தமிழின் முதல் வட்டார நாவல் என்று கூறுவது வழக்கம். அக்கூற்று நூலுக்கு மதிப்பைத் தேடித் தரும். வாசகரைத் தேடித் தராது. மாறாக, "கணவனை இழந்த ஒருத்தி, கூட்டுக் குடும்பத்தில் தன் பங்கு நிலத்தைக் கேட்கிறாள். ஆசிரியர் அவளைப் பழிக்கவும் இல்லை. அவளுக்காக வாதாடவும் இல்லை. சிறிய நூல். கொங்கு வழக்குச் சில பக்கங்கள் தடுக்கும், பிறகு பழகிவிடும்" என்று சொல்லிப் பார்க்கலாம். முடிவைச் சொல்லாமல் விடுவதும் பரிந்துரைப்பவரின் கடமையே.

தாராசங்கர் பந்தோபாத்யாயரின் 'ஆரோக்கிய நிகேதனம்' வங்காளத்திலிருந்து த.நா. குமாரஸ்வாமியின் மொழிபெயர்ப்பாய் நமக்குக் கிடைத்தது. சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது என்பது அதைப் படிப்பதற்குப் போதிய காரணமாகாது. நாடி பார்த்தே மரணத்தை முன்னறியும் கிராமத்து முதிய வைத்தியர், தம் மகனின் கையைப் பற்றும்போதும் அதையே அறிய நேர்கிறது. அவருக்கும் புதிய மருத்துவம் கற்ற இளம் மருத்துவருக்கும் இடையே மூளும் பூசலில் ஆசிரியர் எவரையும் அறிவிலியாக்கவில்லை. இதுவே படிக்கத் தூண்டும் காரணம். ஆனால் கதை மெல்ல நடக்கும். நோயாளிகள் பலரின் வரலாறு இடையிடையே வரும். தமிழ் வாசிப்பில் புதியவருக்கு இதைச் சொல்லாமல் கொடுத்தால் முன் செய்த பிழையையே மீண்டும் செய்தவராவோம்.

இவ்வாறு காரணம் கூற முற்படுங்கால் மற்றொரு நன்மையும் விளைகிறது. நாம் உண்மையில் படித்த நூல் எது, பிறர் சொல்லக் கேட்டு மெச்சுகின்ற நூல் எது என்பது நமக்கே தெளிவாகிவிடுகிறது. க.நா.சு. பெயர் சுட்டிய நூல்களைத் தாமே படித்தார். அவருடைய பட்டியலை ஒப்பித்தோர் அனைவரும் அங்ஙனம் படித்தனரா என்பது ஐயமே. ஆண்டுதோறும் வெளிவரும் பட்டியல்களையும் இவ்வளவைக் கொண்டே நாம் மதிப்பிடலாம்.

அந்த இளைஞரை இப்போதும் விழா நாள்களில் காண்கிறோம். அன்று அவர் தேர்ந்த நூலைக் கேட்கவில்லை. தமக்கேற்ற நூலையே கேட்டார். அடுத்த முறை 'நாகம்மா'ளை எடுத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம். அதற்கு முன் இதுகாறும் கேளாத ஒன்றை அவரிடம் கேட்க வேண்டும்: அந்த முப்பதாம் பக்கத்தில் அவரைத் தடுத்தது யாது?