பழைய காரும் கிலோமீட்டர் கணக்கும்

பழைய கார் வாங்கச் செல்வோர் முதலில் கேட்கும் கேள்வி, 'எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?' என்பதே. எண் சிறியதாயிருந்தால் மனம் நிறைந்துவிடுகிறது. வண்ணப் பூச்சும் பளபளத்தால் பேரம் முடிந்துவிடுகிறது. ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பை இந்த ஓர் எண்ணை நம்பிக் கொடுக்கலாமா? கூடாது என்பதே நம் கருத்து. காரணங்களைப் பார்ப்போம்.

மாருதி 800 காரை எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன சிறு கார் இது. மூன்று சிலிண்டர்களும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் கொண்ட எளிய என்ஜின். சிற்றூர் மெக்கானிக்கும் அறிந்த அமைப்பு. இவை அதன் சிறப்புகள். ஆனால் இன்று கைமாறும் எந்த மாருதி 800 காரும் பத்தாண்டுகளைக் கடந்ததே. அந்த ஆண்டுகளை அது எங்கே கழித்தது என்பதை மீட்டர் சொல்லாது.

அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையத்தை நினைத்துப் பாருங்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலையும் உள்ள பகுதி அது. கல் லாரிகள் செல்லும் சாலைகளில் புழுதிக்குப் பஞ்சமில்லை. சாலைப் புழுதியில் சுண்ணாம்புத் தூளோடு மணல் துகள்களும் கலந்திருக்கும். மோ கடினத்தன்மை அளவில் சுண்ணாம்புக்கல்லின் கால்சைட் 3. மணலின் குவார்ட்ஸ் 7. குவார்ட்ஸ் வார்ப்பிரும்பையும் கீறவல்லது. காற்று வடிகட்டி பழுதாகிவிட்டால், இத்துகள்கள் என்ஜினுள் புகுந்து, பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் உப்புத்தாள் போல் தேய்த்துவிடும். ஆகவே, புழுதியில் 40,000 கிலோமீட்டர் ஓடிய காரைவிட, நெடுஞ்சாலையில் ஒரு லட்சம் ஓடிய கார் நல்ல நிலையில் இருக்கக்கூடும்.

இதை எப்படிக் கண்டறிவது? வடிகட்டிப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். வடிகட்டியைத் தாண்டி என்ஜினை நோக்கிய பக்கத்தில் புழுதி படிந்திருந்தால், அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து பாருங்கள். முன்னதாகவே சூடேற்றி வைத்திருந்தால் சில கோளாறுகள் மறைந்துவிடும். புகைக்குழாயில் நீலப் புகை வந்தால், ஆயில் எரிகிறது என்று பொருள்.

இது முன் சக்கரங்களால் இழுக்கப்படும் கார். அச்சு மூட்டுகளை மூடியுள்ள ரப்பர் உறை கிழிந்தால், கிரீசில் புழுதி கலந்து மூட்டு தேயும். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக ஓட்டும்போது 'டக், டக்' என்று கேட்கிறதா எனக் கவனியுங்கள். அடித்தகட்டில் அப்பிய புழுதி மழை ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைப்பதால் அங்கே துரு ஏறும். ஒரு சிறு காந்தத்தைக் கதவின் கீழ் விளிம்பில் வைத்துப் பாருங்கள். அது ஒட்டாத இடத்தில் இரும்புக்குப் பதிலாகப் பட்டி பூசப்பட்டிருக்கலாம்.

மீட்டரின் எண் குறைவாக இருந்து, கிளச், பிரேக் மிதிகளின் ரப்பர் வழவழவெனத் தேய்ந்திருந்தால், எண்ணை ஐயுறுங்கள், ரப்பரை நம்புங்கள்.

பதிவுச் சான்றையும் பாருங்கள். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் ஐந்தாண்டுக்கொரு முறை தகுதிச் சோதனையுடன் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுவதே முறை.

உழைத்த பொருள் எதுவும் தேயாமலிராது. அந்தத் தேய்மானத்தின் தடயங்கள் காரிலேயே இருக்கின்றன. விற்பவரின் சொல்லைக் கேட்பதற்கு முன், அவற்றைக் காணக் கற்றுக்கொள்ளுங்கள்.